முன் ஷொக் இருந்தால்தான் நல்ல சைக்கிளா?

பிள்ளைக்கு சைக்கிள் வாங்க யோசிக்கும் உம்மா வாப்பாமாருக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் 7ஆம் தரத்துப் பிள்ளை ஒருவர் மணிக்கட்டு நோகுது சேர், எழுத ஏலாது என்றார். விசாரித்தால் புதுச் சைக்கிள். மவுண்டன் பைக். முன்னால் பெரிய ஷொக். வாப்பா அதற்காகவே பல ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து வாங்கியிருக்கிறார். இடைவேளையில் போய்ப் பார்த்தேன். நான் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினால் கொஞ்சம் இறங்குகிறது. பிள்ளை அழுத்தினால் கல்லு மாதிரி நிற்கிறது. பக்கத்தில் நின்ற வேறு சைக்கிள்களையும் அழுத்திப் பார்த்தேன். பலதும் அதே கதைதான்.

காரணம் பெரிய இரகசியம் இல்லை. விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிற ஹூக்கின் விதிதான். ஸ்பிரிங் எவ்வளவு இறங்கும் என்பது அதன் மேல் வரும் பாரத்தைப் பொறுத்தது. 80 கிலோ ஆள் ஏறும்போது 15 மில்லிமீற்றர் இறங்கும் ஸ்பிரிங், 32 கிலோ பிள்ளைக்கு 6 மில்லிமீற்றர்தான் இறங்கும். அந்த 6ஐயும் உள்ளே இருக்கிற உராய்வு தின்றுவிடும். மலிவான ஷொக்கில் குழாய்கள் சரியாகப் பொருந்தாது, கிறீஸும் போதாது. நமது கடற்கரைக் காற்றின் உப்பும் மணலும் சேர்ந்தால் சில மாதங்களில் துருப்பிடித்து இறுகிவிடும்.

மேலே இருக்கிற குமிழைத் திருகினால் இளகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைப்பதற்கு மட்டும்தான். ஸ்பிரிங்கின் கடினம் அதனால் மாறாது. அதை மாற்ற வேண்டுமானால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

ஷொக் என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த மவுண்டன் பைக் உலக சம்பியன்ஷிப்பில், மலையிறக்கப் போட்டியில் வென்ற கிரெக் ஹெர்போல்ட் ஓட்டியது ரொக்ஷொக்ஸ் முன் ஷொக் பூட்டிய சைக்கிள். பாறையிலும் வேரிலும் வேகமாக இறங்குகிறவனுக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் நல்ல ஷொக் மேலும் கீழும் இலகுவாக ஓட வேண்டும், பக்கவாட்டில் முறுக்கினால் அசையக் கூடாது. அதற்காகத்தான் 32, 35, 38 மில்லிமீற்றர் என்று குழாயைத் தடிப்பாக்கினார்கள், சில்லின் அச்சையும் 15 மில்லிமீற்றருக்குப் பெருப்பித்தார்கள். நமது பிள்ளைகள் ஓடுகிற மலிவுச் சைக்கிளில் எல்லாம் தலைகீழ். இளக வேண்டிய பக்கம் இறுக்கம், இறுக வேண்டிய பக்கம் ஆட்டம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், கையிலேயே தெரியும். அவசரத்தில் பிரேக் பிடிக்கும் பிள்ளைக்கு அந்த ஆட்டம் நல்லதல்ல.

பாரத்தையும் யோசியுங்கள். இந்த ஷொக்குகள் 2 கிலோவுக்கு மேல் வரும். சாதாரண இரும்பு முன்கவை ஏறக்குறைய 1 கிலோதான். புத்தகப் பையோடு எதிர்காற்றில் மிதிக்கும் பிள்ளை அந்த மேலதிகப் பாரத்தைத் தினமும் சும்மா சுமக்கிறது.

"ரோட்டெல்லாம் குண்டும் குழியும், ஷொக் இல்லாமல் எப்படி சேர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் டயரில் இருக்கிறது. அகலமான டயரைப் போட்டு, காற்றை அளவாக அடியுங்கள். டயரின் பக்கத்தில் ஆகக் குறைந்த அளவும் ஆகக் கூடிய அளவும் எழுதியிருக்கும். எடை குறைந்த பிள்ளைக்குக் குறைந்த அளவுக்குக் கிட்ட இருந்தால் போதும். நாம் கல்லு மாதிரி அடித்துக் கொடுத்துவிட்டு, ஷொக் வேலை செய்யவில்லை என்கிறோம்.

ஆகவே என் கருத்து இதுதான். பாடசாலைக்குப் போகிற பிள்ளைக்கு மலிவான ஷொக் சைக்கிள் வேண்டாம். அந்தக் காசை நல்ல பிரேக், நல்ல டயர், ஒரு ஹெல்மட்டுக்குப் போடுங்கள். பிள்ளை அழகுக்காகக் கேட்கும், அது பிள்ளையின் வயது. கடையில் பிள்ளையையே ஏற்றி அழுத்தச் சொல்லுங்கள். அசையாவிட்டால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். கடை வைத்திருக்கும் நானாமாரும் இதை வெளிப்படையாகச் சொல்லி விற்றால் நம்பிக்கைதான் கூடும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் கவலைப்பட வேண்டாம். ஷொக்கின் உள்குழாயைச் சுற்றி, ரப்பர் சீலோடு ஒட்டினாற்போல ஒரு கேபிள் டை கட்டுங்கள். பிள்ளை மெதுவாக ஏறி இருந்து இறங்கட்டும். 50 மில்லிமீற்றர் ஓடும் ஷொக்கில் டை 10 மில்லிமீற்றராவது நகர்ந்திருக்க வேண்டும். நகராவிட்டால் குமிழை முழுதாக இளக்கி, கழற்றித் துடைத்து கிறீஸ் போடச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

சனிக்கிழமை காலை 8 மணிக்கு மைதானத்தில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். கேபிள் டையும் காற்று அளக்கும் கருவியும் என்னிடம் உண்டு. பிள்ளையையும் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பார்த்துக் கொடுக்கிறேன்.