டீ மிஷினின் பின்பக்கம்

தமிழ்நாடு அரசின் தலைமை மின் ஆய்வாளர் அவர்களுக்கு,

அரசு மருத்துவமனை, பேருந்து நிலையம், கல்லூரி கேன்டீன் என எங்கு போனாலும் டீ, காபி மிஷின் நிற்கிறது. நோயாளிக்குத் துணையிருப்பவர்களுக்கு நள்ளிரவில் ஒரு வாய் சூடான டீ பெரிய ஆறுதல். மிஷின் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அதன் பின் தகட்டைக் கழற்றிப் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஒரு மருத்துவமனையில் பழுது பார்க்க வந்த இளைஞர் அப்படிக் கழற்றியபோது பக்கத்தில் நின்றிருந்தேன். கொதிநீர்த் தொட்டியின் மேல் நாணயம் அளவில் ஒரு வில்லை. அதில் சேர வேண்டிய இரண்டு ஒயர்களையும் உருவி, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். “அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு முன்னாடி வந்தவர் டைரக்ட் குடுத்துட்டுப் போயிருக்கார் சார்” என்றார் அவர். பொறுப்பில் இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். “ஓடுதே சார்” என்றார்.

அந்த வில்லைதான் கட்-அவுட். தண்ணீர் சூடானால் ஹீட்டரை நிறுத்துவதும் ஆறினால் போடுவதும் தெர்மோஸ்டாட்டின் வேலை. ஓயாமல் போட்டு நிறுத்தியதில் அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் நிற்காது. தொட்டி வறண்டாலும் ஹீட்டரின் காயில் காய்ந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மின்சாரத்தை வெட்டுவதற்கென்றே கட்-அவுட்டைத் தனியாக வைக்கிறார்கள். ஒருமுறை வெட்டினால், பட்டனைக் கையால் அழுத்தும் வரை பல மிஷின்களில் அது திரும்பச் சேராது. ஏன் வெட்டியது என்று ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பார்த்தால் பல இடங்களில் காரணம் உப்பாகத்தான் இருக்கும். போர்த் தண்ணீரின் உப்பு காயிலில் படிந்தால் சூடு தண்ணீருக்கு இறங்காது. நீர்மட்டம் காட்டும் கம்பியில் படிந்தால், தொட்டி நிறைந்த பிறகும் காலி என்று கணக்கிட்டு மிஷின் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். வால்வில் ஒரு துணுக்கு சிக்கினால் கொதிநீர் ஒழுகும். உப்பைக் கழுவி எடுத்தால் தீரும் கோளாறுகள்தான் இவை. ஆனால் கழுவ நேரமாகும், ஒயரை முறுக்க இரண்டு நிமிடம் போதும். உதிரி பாகமும் நேரமும் கொடுக்காமல் ஆளை அனுப்பும் ஒப்பந்தக்காரரைத்தான் இதற்குக் கேட்க வேண்டும், அந்த இளைஞரை அல்ல. மிஷின் நின்றுபோனால் பத்துப் பேர் புகார் சொல்வார்கள். கட்-அவுட் இல்லாமல் ஓடினால் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

எர்த் நிலைமையும் மோசம். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், எர்த் பின் ஒடிந்த பிளக்கோடு செருகியிருப்பதைக் கண்ணால் பார்த்தேன். காயிலின் உறை வெடித்தால் மிஷினின் தகரம் முழுக்க ஷாக் அடிக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்ததுமே இணைப்பை வெட்டும் ஆர்.சி.சி.பி. இல்லாத இடத்தில், ஈரக் கையோடு டம்ளர் பிடிப்பவரின் கதி என்ன?

சூட்டையும் சொல்ல வேண்டும். 60 டிகிரி தண்ணீரே சில விநாடிகளில் தோலை ஆழமாகப் பொசுக்கிவிடும். டீ மிஷின் தொட்டியில் இருப்பது அதைவிடச் சூடானது. குழந்தைகளின் தோல் இன்னும் மெல்லியது.

பொது இடத்தில் நிற்கும் ஒவ்வொரு மிஷினுக்கும் தனி 16 ஆம்பியர் லைனும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயமாக வேண்டும். கட்-அவுட் வெட்டிய தேதி, காரணம், சரிசெய்தவர் கையெழுத்து மூன்றும் மிஷினிலேயே தொங்கும் அட்டையில் இருக்க வேண்டும். டைரக்ட் கொடுத்த மிஷினைக் கண்டால், சரிசெய்யும் வரை அதை ஓட விடக்கூடாது. இதற்கான உத்தரவு உங்களிடமிருந்து வர வேண்டும்.

நான் பார்த்த மிஷின் நிற்கும் இடத்தை இங்கே குறிப்பிடவில்லை. உங்கள் அலுவலகத்தில் எழுத்துமூலம் தருகிறேன். முதல் ஆய்வை அங்கே வையுங்கள்.

இப்படிக்கு,
நோயாளிக்குத் துணையிருந்த ஒருவர்