புரட்டிப் படுக்க வைப்பது யார் வேலை?

பாயும் படுக்கையுமாகக் கிடக்கும் முதியவர்கள் எந்த ஊரில் இல்லை? புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, அறந்தாங்கி, திருமயம் பக்கத்துக் கிராமங்களிலும் உண்டு. ஒருவருக்குப் பக்கவாதம், இன்னொருவருக்கு இடுப்பு எலும்பு முறிவு.

நோய் போதாதென்று இவர்களை வாட்ட இன்னொன்று வரும். அதுதான் படுக்கைப் புண்!

ஒரே பக்கமாகப் படுத்தால் உடம்பின் பாரம் அழுத்தும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்படும். சதை செத்துப் புண்ணாகும். இடுப்பிலும் குதிகாலிலும் அதிகம் வரும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டுப் பாருங்கள். சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், அதுவே எச்சரிக்கை!

பெரும்பாலும் இதைத் தடுக்க முடியும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இழுத்தால் தோல் உரியும்; தூக்கித்தான் நகர்த்த வேண்டும். மலஜலம் பட்டால் உடனே கழுவி, ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் கூடாது.

அப்படியானால் ஒரு நாளைக்கு 12 தடவை! இரவிலும்தான். இதை மருமகள் ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டு, புண் வந்ததும் "சரியாகப் பார்க்கவில்லை" என்று பழி சொல்வது நியாயமா? மகன் 4 தடவை, பேரன் 2 தடவை புரட்டினால் கௌரவம் குறைந்தா போய்விடும்?

2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்க வழி உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். புண் கண்டால் சாம்பல், மஞ்சள் என்று அப்பாதீர்கள், நர்சிடம் காட்டுங்கள்.

ஆனால் நர்சு வந்து போவார். நடுஇரவில் புரட்ட வேண்டியவர்கள் வீட்டார்தான். இன்று இரவு யார் முறை? பேசி முடிவு செய்யுங்கள்!