முதலில் அல்ட்ராசவுண்ட் எடுக்கலாமே!



ஒரகடம் ஆலையில் இரவு ஷிப்டில் இருந்த என் தம்பி, விலாவைப் பிடித்துக்கொண்டு மெஷின் அருகிலேயே சுருண்டு விழுந்தான். அழைத்துச் சென்ற தனியார் மருத்துவமனையில் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் முன்பே, சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்று சி.டி. ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிவிட்டார்கள்.

அமெரிக்காவின் 15 மருத்துவமனைகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, சிறுநீரகக் கல் சந்தேகத்துக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தால் ஆபத்து கூடுவதில்லை, கதிர்வீச்சு குறைகிறது என்று காட்டியது. அடைப்பால் சிறுநீரகம் வீங்கியிருந்தால் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டிலேயே தெரியும். சிறுநீர்க்குழாயில் சிக்கிய சிறு கல் பிடிபடாதபோது சி.டி. அவசியம்தான். அடைப்போடு காய்ச்சலும் சேர்ந்தால் தாமதிக்கவே கூடாது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டார அரசு மருத்துவமனைகளில் இரவிலும் அல்ட்ராசவுண்ட் எடுக்க அரசு வழிசெய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், ஒரகடம்