ஃபொலோவர்ஸ் இருக்கு, ஆட்கள் எங்கே?



இந்த வார எபிசோட்டில் இன்ஸ்டா ரீல்ஸ் பற்றி நிறையக் கதைத்தோம். நேரம் காணாமல் விட்டுப்போன ஒரு விசயத்தை இங்கே எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் எங்கட வயதுக்காரர் நடத்துகிற நாடகக் குழுக்கள், இசைக்குழுக்களைப் பாருங்கோ. போஸ்டர் அசத்தல். ரீல் எடிட்டிங் சினிமா ட்ரெய்லர் மாதிரி. முதல் நிகழ்ச்சிக்கு மண்டபம் நிறையும், ஏனென்றால் மேடையில் நிற்கிறவரின் சித்தி, மாமா, மச்சான், அம்மாவோட வேலை செய்யிற அன்ரி எல்லாரும் வருவினம். மூன்றாவது நிகழ்ச்சிக்கு அரைவாசிக் கதிரை வெறுமை. உடனே எல்லாரும் சொல்லுகிற ஒரே காரணம்: "எங்கட சனம் காசு குடுத்துப் பார்க்காது."

எனக்கு இதில் உடன்பாடில்லை. போன முறை வந்தவர்களுக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கு என்று யார் சொன்னது?

ஓய்வு நேரத்தில் சில குழுக்களுக்கு இணையத்தள வேலை, ரிக்கெற் வேலை செய்து கொடுத்திருக்கிறேன். முதல் நாளே பழைய பார்வையாளர் பட்டியலைக் கேட்பேன். பாதி ரிக்கெற் வாசலில் காசுக்கு விற்றது, பெயரே இல்லை. கொஞ்சம் ஒரு அண்ணாவின் வாட்ஸ்அப்பில் கிடக்கும். மிச்சம் ரிக்கெற் விற்கிற தளத்தில். அந்த லொகின் வைத்திருந்தவர் இப்போது குழுவிலேயே இல்லை. ஆனால் ஃபொலோவர் எண்ணிக்கை மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

அந்த எண்ணிக்கை உங்களுடையது இல்லை. வைன் 2017இல் மூடப்பட்டது. மைஸ்பேஸ் 2019இல், சர்வர் மாற்றியபோது மூன்று வருசத்துக்கு மேற்பட்ட பாட்டு, படம், வீடியோ எல்லாம் தொலைந்துவிட்டது என்று சாவகாசமாகச் சொன்னது. ஃபொலோவர் பட்டியலோடு யாருடைய ஈமெயில் முகவரியும் சேர்ந்து வராது.

இது கணினிக்கு முந்திய அறிவுதான். சிக்காகோ லிரிக் ஒபராவுக்கு விளம்பர வேலை பார்த்த டானி நியூமன் 1977இல் 'சப்ஸ்கிரைப் நவ்!' என்றொரு புத்தகம் எழுதினார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிதாக ஆள் பிடிக்கக் காசைக் கொட்டாமல், முழு சீசனுக்கும் முன்கூட்டியே வாங்குகிறவரைச் சேருங்கள் என்பது அவர் வாதம். சென்னை சபாக்களின் உறுப்பினர் முறையும், சீசன் ரிக்கெற்றும் ஏறக்குறைய இதே யோசனைதான். இதில் நான் பெரிதாக நினைக்கிற நன்மை ஒன்று இருக்கு: முன்பே காசு கட்டினவர் பழக்கமில்லாத நாடகத்துக்கும் வந்து உட்காருவார். வைரலை நம்புகிற குழு புதிதாக எதையும் தொடப் பயப்படும். எண்பதுகளின் சினிமாப் பாட்டு இரவு ஏன் திரும்பத் திரும்ப வருகுது என்று நினைக்கிறீர்கள்?

நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் ஒபரா, ரிக்கெற் வாங்கினவர் யார், நன்கொடை தந்தவர் யார் என்பதெல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று தனக்கென்றே ஒரு மென்பொருள் எழுதியது. அதுதான் இன்று நூற்றுக்கணக்கான கலை நிறுவனங்கள் பாவிக்கிற டெஸிதுரா. உங்களுக்கு அது தேவையில்லை. (மணித்தியாலக் கணக்கில் காசு வாங்குகிற கொன்ட்ராக்டர் நான். பெரிய சிஸ்டம் கட்டுங்கோ என்று சொன்னால்தான் எனக்கு லாபம்!) ஒரு ஸ்பிரெட்ஷீட் போதும்: பெயர், ஈமெயில், எந்த நிகழ்ச்சி, யார் சொல்லி வந்தவர். அந்தக் கடைசிக் கொலத்தைக் கவனியுங்கோ. அதில் நடிகர் ஒருவரின் பெயர் இருந்தால் வந்தவர் பெரும்பாலும் சொந்தக்காரர். "போஸ்டர் பார்த்தேன்" என்று இருந்தால், அவர்தான் உங்கட முதல் உண்மையான பார்வையாளர். அடுத்த நாளே அவருக்கு நன்றி சொல்லி எழுதுங்கோ.

"அன்ரிமார் ஈமெயில் பார்க்க மாட்டினம், வாட்ஸ்அப் காணும்" என்பீர்கள். சரி, அன்ரிமாருக்கு வாட்ஸ்அப். ஆனால் அதில் ப்ரோட்காஸ்ட் லிஸ்ட் போட்டால் உங்கட நம்பரை சேவ் பண்ணி வைத்தவருக்குத்தான் போகும். முன்பின் தெரியாத ஒருவர் ஏன் சேவ் பண்ணுவார்?

கனடாவில் காசல் என்கிற ஸ்பாம் எதிர்ப்புச் சட்டம் 2014இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ரிக்கெற் வாங்கினவருக்கு 2 வருசம் வரை நீங்கள் எழுதலாம். அதற்குள் நேரடியாகச் சம்மதம் கேட்டு வாங்கிவிடுங்கோ. விலகுவதற்கான லிங்க்கும் குழுவின் தபால் முகவரியும் கட்டாயம். இன்னொரு குழுவின் பட்டியலைக் கடன் வாங்கி அனுப்புகிற வேலை வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு ஏன் அவசரப்படுகிறேன் என்றால், இதுவரை நட்டம் வந்தபோதெல்லாம் யாரோ ஒரு பெரியவர் மூடினார். சிறப்பு மலரில் கடைக்காரரின் அரைப்பக்க விளம்பரம், ரியல் எஸ்டேட் அண்ணாவின் சிரித்த படம், அப்பாமாரின் செக். "எங்கட பிள்ளையள்" என்ற பாசம் அது. அந்தத் தலைமுறை ஓய்வுக்குப் போகுது. 28 வயதில் வாடகை கட்டவே திண்டாடுகிற ஒருவரிடம் அந்தப் பாசத்தை எதிர்பார்க்க முடியாது. அவர் நாடகம் பிடித்தால்தான் வருவார். வந்தவரின் பெயரையாவது நாங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

ரிக்கெற் தளத்தின் லொகின் யாரிடம் இருக்கு என்று உங்கட குழுவில் இன்றைக்கே கேளுங்கோ. கிடைத்தால் பழைய பட்டியல்களை சிஎஸ்வி ஃபைலாக இறக்கி, இரண்டு பேரிடம் வையுங்கோ. நான் பாவிக்கிற ஸ்பிரெட்ஷீட் வேண்டுமென்றால் இந்த ஈமெயிலுக்கு ஒரு பதில் போடுங்கோ, அனுப்பி விடுறன்.