கணக்குக் காட்ட ஆன்லைன் வகுப்பா?

ஆன்லைன் பாடத்தில் மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று கல்லூரி நிர்வாகங்கள் புலம்புகின்றன. சேர்த்துவிட்டதோடு தங்கள் வேலை முடிந்தது என்று கைகழுவியவர்கள் மாணவர்மீது பழி போடுவதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., நாட்டின் தலைசிறந்த பேராசிரியர்களின் வகுப்பைச் சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 2017 முதல் மத்திய அரசின் ஸ்வயம் தளம் அந்த வாசலை இன்னும் அகலமாக்கியது. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படிக்கலாம் என்று 2016-ல் அனுமதித்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021-ல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. அருமையான திட்டம்தான். அதைப் பல கல்லூரிகள் நடத்தும் லட்சணம்தான் வெட்கக்கேடு.

பருவம் தொடங்கியதும் வகுப்பு முழுவதையும் ஒரே பாடத்தில் பதிவுசெய்யச் சொல்கிறார்கள். எந்தப் பாடம், ஏன் அந்தப் பாடம் என்ற பேச்சே கிடையாது. ‘மென்டார்’ என்று ஓர் ஆசிரியரின் பெயர் பட்டியலில் இருக்கும். அவருக்கும் பாடத்துக்கும் சம்பந்தம் இருக்காது. அசைன்மென்ட் கெடு முடியும் புதன்கிழமை இரவு, வாட்ஸ்அப் குழுவில் “1-பி, 2-சி, 3-ஏ” என்று விடைகள் வந்து விழுகின்றன. யூடியூபிலும் டெலிகிராமிலும் இதற்கென்றே சேனல்கள் உண்டு. விரிவுரையைத் திறக்காமலே இரண்டு நிமிடத்தில் அந்த வாரப் படிப்பு முடிந்துவிடுகிறது. இது நிர்வாகத்துக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கண்டுகொள்வதில்லை.

விளைவு தேர்வு மையத்தில் தெரிகிறது. அசைன்மென்ட்டுக்கு 25, நேரடிக் கண்காணிப்பில் எழுதும் தேர்வுக்கு 75 என்பது என்.பி.டி.இ.எல். பாடங்களின் மதிப்பெண் பகுப்பு. சான்றிதழ் பெறத் தேர்வில் மட்டும் 30 மதிப்பெண்ணாவது வேண்டும். 25-க்கு 25 வாங்கியவர் இங்கே தடுமாறுகிறார். தேர்வுக் கட்டணம் கட்டிய பெற்றோருக்குப் பணம் நட்டம். “நமக்கு வராது” என்ற தாழ்வு மனப்பான்மை மாணவருக்கு மிச்சம்.

தனியாக விடப்பட்டால் உலகின் எந்த மூலையிலும் மாணவர் இப்படித்தான் விலகுவார். எம்.ஐ.டி., ஹார்வர்டு நிறுவனங்களின் எட்எக்ஸ் பாடங்களை ஆராய்ந்து 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, பதிவுசெய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை என்றும், 2017-18-ல் முடித்தவர்கள் சுமார் 3 விழுக்காடு என்றும் காட்டியது. படித்தாயா என்று கேட்க ஒருவர், சந்தேகம் தீர்க்க ஒருவர், கூடப் படிக்க நாலு பேர் — இவை இருந்தால்தான் திரைவழிப் படிப்பில் மனம் நிற்கும். ஊக்கப் பேச்சாளரை அழைத்து ஒரு மணி நேரம் கைதட்ட வைத்தால் அது வந்துவிடாது.

இந்தத் துணையைத் தருவது கல்லூரியின் கருணை அல்ல, கடமை. பாடம் முழுவதும் வழிகாட்ட ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும், கணினி, ஆய்வகம், நூலக வசதிகளைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று மானியக் குழுவின் ஸ்வயம் விதிகளே சொல்கின்றன. எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று, கல்லூரிகளைத் தரமதிப்பிடும் ‘நாக்’ குழுவிடம் எண்ணிக்கை காட்டத் தெரிந்த நிர்வாகங்களுக்கு, இந்த விதி மட்டும் கண்ணில் படாதது எப்படி?

உடனடியாகத் திருத்த வேண்டியவை இவை. ஆன்லைன் பாடத்துக்குக் கால அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்த வார விரிவுரையை வகுப்பில் விவாதிக்க வேண்டும். வழிகாட்டும் ஆசிரியரின் உழைப்பைப் பணிநேரத்தில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே சுமை தாங்குபவர் தலையில் இன்னொரு சுமையாக ஏற்றக் கூடாது. பாடத்தை மாணவர் தேர்ந்தெடுக்கட்டும். முதல் இரண்டு வாரத்திலேயே பின்தங்குபவரை அழைத்துப் பேச வேண்டும். விடைகள் சந்தைக்கு வந்துவிடும் வினாக்களை என்.பி.டி.இ.எல். பருவந்தோறும் மாற்ற வேண்டும். மானியக் குழுவும் நாக் குழுவும் சேர்ந்தவர் எண்ணிக்கையோடு நிற்காமல், தேறியவர் எத்தனை பேர், வழிகாட்டல் வகுப்பு எத்தனை நடந்தது என்று ஆதாரத்துடன் கேட்க வேண்டும்.

இவற்றைச் செய்ய மனமில்லாத கல்லூரிக்கு, ஆன்லைன் பாடத்தை மதிப்பெண் கணக்கில் சேர்க்கும் உரிமையை மானியக் குழு அடுத்த பருவத்திலேயே நிறுத்திவைக்க வேண்டும்.