வடிப்பதும் மீட்பதும்
சிறுநீரகத்தை வெறும் வடிகட்டி என்றே பலரும் எண்ணுவர். நம் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 இலீற்றர் நீரைக் குருதியினின்று வடிக்கின்றன. சிறுநீராவது ஒன்றரை இலீற்றர் மாத்திரமே. எஞ்சியதை உப்புக்களோடு குருதிக்கு மீட்டளிப்பவை உயிருள்ள கலங்கள்.

1943இல் ஒல்லாந்து வைத்தியர் வில்லெம் கொல்ஃப் செலோபேன் குழாய் கொண்டு அமைத்த இயந்திரமும், அதன் வழிவந்தனவும் வடிக்கும் பணியையே செய்வன. நோயாளரோ வாரம் மும்முறை மணிக்கணக்காக அவற்றோடு பிணைந்திருக்கின்றனர்.

சன் பிரான்சிஸ்கோவில் சுவோ ரோய் குழுவினர் உடலினுள் வைக்கத்தக்க சிறுநீரகமொன்றை அமைக்க முயல்கின்றனர். நனோமீற்றர் அளவான துளைகளுள்ள சிலிக்கன் சவ்வு, இதயத்தின் அழுத்தத்தாலேயே குருதியை வடிக்கும். மனிதச் சிறுநீரகக் கலங்கள் நீரை மீட்கும். அக்கலங்கள் பன்றிகளின் உடலில் ஒரு வாரம் உயிர்வாழ்ந்தமை 2023இல் அறிவிக்கப்பட்டது. மனிதருக்கு இக்கருவி கிட்டுமுன் ஆற்றவேண்டிய பணி மிகவுண்டு. மாணவர்காள், பௌதிகத்தையும் உயிரியலையும் சேர்த்தே கற்பீராக!