வானத்தின் மேல் பழி போடாதீர்கள்

மழை தவறினால் பூண்டு என்ன ஆகும் என்று, கேரள மலையூர் வட்டவடையில் அதைப் பயிரிடுகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மழை தவறினால் மனிதர்களும் சாகத்தான் வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், “மானம் பொய்ச்சிருச்சு, சனம் செத்துப்போச்சு” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். படித்தவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். இது ஆட்சியாளர்களைக் காப்பாற்றும் நம்பிக்கை.

தாது வருஷமான 1876இல் பருவமழை பொய்த்தது உண்மை. ஆனால் பஞ்சம் நீடித்த அந்த ஆண்டுகளிலும் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்காம் கோமகன் தானியம் வாங்கிக் கையிருப்பு வைக்க முனைந்ததற்காக வைஸ்ராய் லிட்டன் அவரைக் கண்டித்தார். சந்தையில் அரசு கை வைக்கக் கூடாதாம். அந்த லிட்டன்தான் 1877 ஜனவரி 1 அன்று, விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் ஆடம்பர தர்பார் நடத்தினார்.

பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். வட்டவடை கோவிலூர்க் கடைத்தராசில் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் அரிசியை நிறுக்கச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். சேர்த்து ஏந்திய இரு கைகளுக்குள் அடங்கிவிட்டது. அதைத் தின்றுவிட்டுப் பகல் முழுக்க மண் சுமக்க வேண்டும்.

இதே டெம்பிள்தான் 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மா அரிசியைக் கொண்டுவந்து இறக்கினார். அங்கே சாவு மிகக் குறைவு. அதற்காக அவருக்குக் கிடைத்தது ஊதாரி என்ற ஏச்சு. அடுத்து வந்த தாது பஞ்சத்தில் சிக்கனம் பிடித்தார். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. இரண்டு இடத்திலும் மழைதான் பொய்த்தது. மாறியது அரசின் முடிவு.

பட்டினிச்சாவை அரசின் குற்றம் என்று அறிவிப்பது புதிதல்ல. 2022 நவம்பர் 30 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம், 1932–33இல் ஸ்டாலின் ஆட்சியில் உக்ரைனில் நடந்த பட்டினிச்சாவுகளை இனப்படுகொலை என்று அறிவித்தது. அப்போது உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பு தொடங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. “எல்லாம் போர்க்கால அரசியல்” என்பார்கள். அந்த நேரத்தைத் தேர்ந்ததில் அரசியல் இருக்கலாம். அதனால் செத்தவர்கள் பிழைத்துவிட மாட்டார்கள், அன்று அரசு பறித்த தானியம் திரும்ப வந்துவிடாது. பழைய கணக்கை ஏன் கிளற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு முள்ளிவாய்க்கால்தான் பதில். 2009இல் இலங்கைப் போரின் முடிவில் அங்கே சிக்கிய மக்களின் எண்ணிக்கையை இலங்கை அரசு வேண்டுமென்றே குறைத்துக் காட்டி உணவையும் மருந்தையும் தடுத்ததாக, ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. பட்டினி இன்னும் ஆயுதமாகத்தான் இருக்கிறது.

இனப்படுகொலை என்ற சட்டச்சொல்லுக்கு அழிக்கும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். தாது பஞ்சத்துக்கு அது பொருந்துமா என்று வல்லுநர்கள் வாதாடட்டும். ஆனால் அது அரசு செய்த குற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தமிழக, கேரளச் சட்டமன்றங்கள் அதைத் தீர்மானமாகவே சொல்ல வேண்டும். பாடப்புத்தகம் மழையளவோடு அந்த ஒரு பவுண்டு கூலியையும் எழுத வேண்டும். அதுவரை, வீட்டில் யாராவது “மானம் பொய்ச்சிருச்சு” என்று தொடங்கினால், பிள்ளைகளின் கையில் 450 கிராம் அரிசியை அள்ளி வைத்துவிட்டு மீதிக் கதையைச் சொல்லுங்கள்.